விரலும் விசையும்



எழுதுகோல் வாங்கக் கடைக்குச் சென்றால் நாம் என்ன செய்கிறோம்? மூடியைத் திறந்து, கடைக்காரர் நீட்டும் துண்டுத் தாளில் நம் பெயரை எழுதிப் பார்க்கிறோம். மை சீராக இறங்குகிறதா, முனை தாளைக் கீறுகிறதா, கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே காசை எடுக்கிறோம். செருப்பு வாங்கினாலும் அப்படியே. காலில் இட்டு நாலடி நடந்து பாராமல் எவரும் வாங்குவதில்லை. ஆனால், நாள்தோறும் பல்லாயிரம் முறை நம் விரல்கள் தொட வேண்டிய விசைப்பலகையை மட்டும், பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அல்லது கணிப்பொறியோடு எது வந்ததோ அதுவே போதும் என்று இருந்துவிடுகிறோம். கடைகளில் 'கீபோர்டு' என்று கேட்டு வாங்குகிறோமே, அதனைத்தான் விசைப்பலகை என்கிறேன்.

விரைவாகவும் கைக்கு இன்னலின்றியும் எழுதுவதற்கு எத்தகைய விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் பொறியாளன் அல்லன், மருத்துவனும் அல்லன். 33 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி, 2018-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன். இப்பொருள்பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி ஒன்றே: இதில் நான் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன், அதற்குரிய விலையையும் கொடுத்தேன். அப்பிழையை நீங்கள் செய்தல் ஆகாது.

முதலில் பழங்கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1977-ஆம் ஆண்டு பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு, எங்கள் ஊருக்கு அடுத்த நகரத்தில் இருந்த தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் என் தந்தையார் என்னைச் சேர்த்துவிட்டார். ஓட்டுக் கூரையின்கீழ் பன்னிரண்டு பொறிகள். எனக்குக் கிடைத்தது பழைய ரெமிங்டன் ஒன்று. அதன் விசைகளைச் சுண்டுவிரலால் அழுத்துவதென்றால், உரலில் உலக்கையை இறக்குவது போல் இறக்க வேண்டும். முதல் பத்து நாளும் நடு வரிசையில் விரல்களை மாற்றி மாற்றி அடிக்கும் ஒரே பாடம். கண் விசைமேல் போனால், எங்கள் ஆசிரியர் ஒரு துண்டை எடுத்து எங்கள் கைகளின்மேல் விரித்துவிடுவார். "கண்ணுக்கு வேலை தாளில், விரலுக்கு வேலை விசையில்" என்பது அவர் வாக்கு.

லோயர் என்று வழங்கிய இளநிலைத் தேர்வுக்கு, ஆங்கிலத்தில் நிமிடத்திற்கு 30 சொல் அடித்தல் வேண்டும். தேர்வு நாளன்று எங்கள் நிலையத்துப் பொறிகளையே மாட்டுவண்டியில் ஏற்றித் தேர்வுக் கூடத்திற்குக் கொண்டு சென்றோம். ஏன் தெரியுமா? ஒவ்வொருவர் விரலும் ஒவ்வொரு பொறிக்குப் பழகியிருந்தது. பழகாத பொறியில் அமர்ந்தால் 30 சொல் 20 ஆகிவிடும் என்பதை எங்கள் ஆசிரியர் அறிந்திருந்தார். கருவிக்கும் கைக்கும் உள்ள உறவை எனக்கு முதன்முதலிற் கற்பித்தது அந்த மாட்டுவண்டிதான்.

இதனினும் பழைய செய்தி ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள சின்சினாட்டி நகரில் தட்டச்சுப் போட்டி ஒன்று நடைபெற்றது. போட்டியிட்டவர் இருவர். ஒருவர் பிராங்க் மெக்கரின் என்பவர். சால்ட் லேக் நகர நீதிமன்றத்துச் சுருக்கெழுத்தர். இவர் விசைகளைப் பாராமலே எல்லா விரல்களையும் பயன்படுத்தி அடிப்பவர். மற்றவர் லூயி டிராப் என்பவர், தட்டச்சு ஆசிரியர். இவருடைய பொறியில் பெரிய எழுத்துகளுக்கும் சிறிய எழுத்துகளுக்கும் தனித்தனி விசைகள் இருந்தன. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அடிப்பவர் இவர். போட்டியில் மெக்கரின் பெரிய வேறுபாட்டில் வென்றார். அவர் பயன்படுத்தியது ரெமிங்டன் பொறி. உடனே அந்தப் பொறியும் அதன் எழுத்து வரிசையுமே சிறந்தவை என்ற எண்ணம் வலுப்பட்டது. சற்று எண்ணிப் பாருங்கள். அன்று வென்றது பொறியா? விரல்களா? விரல்களின் பயிற்சியே பெரும்பங்கு வென்றது என்பது என் கருத்து.

அப்படியாயின் எந்த விசைப்பலகையாயினும் ஒன்றுதானே, பயிற்சி இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை நானும் என் மாணவர்களிடம் பன்முறை சொல்லியிருக்கிறேன். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால், ஆடத் தெரிந்தவளுக்கும் கால் சுளுக்கும் என்பதை நான் அறிந்துகொண்டது 2021-ஆம் ஆண்டில்.

என் தாயார் நூற்றுக்கணக்கான தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் ஒப்பாரிகளையும் மனத்தில் வைத்திருந்தவர். எழுத்தறியாதவர். அவர் பாடப் பாட, பணியில் இருந்த காலத்திலேயே ஆறு குறிப்பேடுகளில் நான் அவற்றை எழுதி வைத்திருந்தேன். ஓய்வு பெற்றபின் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி நூலாக்க வேண்டும் என்பது என் விருப்பம். காலையில் நான் தட்டச்சுச் செய்வேன். மாலையில் அதனைப் படித்துக் காட்டுவேன். "இந்தச் சொல் இப்படி இல்லை, தம்பி; அந்த அடியை விட்டுவிட்டாய்" என்று அவர் திருத்துவார். அப்பொழுது அவருக்கு அகவை 86.

நான் எழுத அமர்ந்தது உணவு மேசை. அதன்மேல் மடிக்கணிப்பொறி. தோள் வலித்தது. கருவி மட்டமானது போலும் என்று கருதி, 4,500 ரூபாய் கொடுத்துப் புதிய விசைப்பலகை ஒன்று வாங்கினேன். விலை மிகுந்தது நல்லது என்பது என் எண்ணம். அது கனத்தது, உயரமானது, விசைகளோ வன்மையானவை. ரெமிங்டனில் பழகிய கைக்கு இதுவே ஏற்றது என்று பெருமையோடு, அதன் பின்கால்களையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு நாளைக்கு ஐந்து மணி நேரம் எழுதினேன். மூன்றாம் மாதம் இரவில் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்துப்போயின. காலையில் தேநீர்க் குவளையைப் பிடிக்க இயலவில்லை.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று எலும்பு மருத்துவர். அவரிடம் சென்றேன். அவர் என் கையைச் சோதித்தபின், "ஐயா, நீங்கள் எழுத அமரும் நிலையில் ஒரு படம் எடுத்து வந்து காட்டுங்கள்" என்றார். காட்டினேன். சிரித்துக்கொண்டே, "வகுப்பில் நாங்கள் கூனி உட்கார்ந்தால் முதுகில் தட்டி நிமிர்த்துவீர்களே, ஐயா! இந்தப் படத்தில் இருப்பவரை யார் நிமிர்த்துவது?" என்றார். இரண்டு மாதம் விசையைத் தொடலாகாது என்று கட்டளையிட்டார்.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்பும் தசைநாரும் சூழ்ந்த குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நரம்பு ஒன்றும் அதனூடே செல்கின்றன. மணிக்கட்டை மேலோ கீழோ வளைத்தால் அவ்வழியில் அழுத்தம் மிகும். நெடுநேரம் வளைத்தபடியே வேலை செய்தால் அந்த நரம்பு நலிவுறக்கூடும். நான் வாங்கிய உயரமான விசைப்பலகையும், நிமிர்த்தி வைத்த அதன் பின்கால்களும், அதனினும் உயரமான மேசையும் சேர்ந்து என் மணிக்கட்டை நாள்தோறும் ஐந்து மணி நேரம் மேல்நோக்கி மடித்து வைத்திருந்தன. இதுவே நான் செய்த பிழை.

அந்த இரண்டு மாத ஓய்வில் நான் படித்தவற்றையும் பின்னர்ப் பழகி அறிந்தவற்றையும், மூன்று சொற்களாக உங்களுக்குத் தொகுத்துச் சொல்கிறேன். வைப்பு, விசை, வரிசை. விசைப்பலகையைப்பற்றி எண்ணும்போதெல்லாம் இம்மூன்றையும் இதே முறையில் எண்ணுக.

முதலாவது வைப்பு. எந்த விசைப்பலகை என்று கேட்பதற்கு முன், அது எங்கே வைக்கப்படும் என்று கேட்க வேண்டும். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள எழுதுமேசைகள் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரமுள்ளவை. அவை தாளில் எழுதுவதற்கு ஏற்றவை. தட்டச்சுக்கு நம்மிற் பலருக்கு அவ்வுயரம் மிகுதி. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, மேற்கையைத் தளரத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். அப்பொழுது முழங்கை எந்த உயரத்தில் உள்ளதோ, அவ்வுயரத்திலோ சற்றுத் தாழ்வாகவோ விசைகள் இருத்தல் வேண்டும். மேசையைத் தாழ்த்த இயலாதெனின் நாற்காலியை உயர்த்துக. கால் தரையில் படாவிடின் பலகைத் துண்டு ஒன்றைக் காலடியில் இட்டுக்கொள்க. இதற்குச் செலவு ஏதும் இல்லை.

வைப்புச் சரியாக உள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். விரல்களை நடு வரிசையில் வைத்துக்கொண்டு, உங்கள் தோழர் ஒருவரைப் புறங்கைமேலும் முன்கைமேலும் படுமாறு அடிக்கோல் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். கோல் இரண்டிலும் படிந்து கிடந்தால் மணிக்கட்டு நேராக உள்ளது. நடுவில் இடைவெளி தெரிந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்துள்ளது. பெரும்பாலான விசைப்பலகைகளின் பின்புறத்தில் இரண்டு சிறு கால்கள் உள்ளன அன்றோ? அவற்றை நிமிர்த்தாமல் மடக்கியே வைத்தால் இந்த மடிப்புக் குறையும். உயரம் குறைந்த, தட்டையான விசைப்பலகை பலருக்கு நலம் செய்வதன் காரணமும் இதுவே.

மணிக்கட்டுப் பக்கவாட்டில் வளைவதும் தீதே. நம் தோள்கள் அகன்றவை, விசைப்பலகையோ குறுகியது. ஆகவே இரு கைகளும் உள்நோக்கி வந்து, மணிக்கட்டில் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டியுள்ளது. இதனைக் கருதியே பலகையை இரு கூறாகப் பிரித்தும் சாய்த்தும் செய்யும் விசைப்பலகைகள் தோன்றின. நாள் முழுதும் எழுதுவோர்க்கும் ஏற்கெனவே கைவலி உடையோர்க்கும் அவை உதவலாம். மாணவர்களுக்கு அவை இன்றியமையாதன அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வலப்பக்கம் எண்களுக்கென்று தனித் தொகுதி உள்ள நீண்ட பலகையை வாங்கினால், சுட்டியை, அதாவது மவுஸை, எட்டிப் பிடிக்க வலக்கை வெகுதூரம் போக வேண்டும். கணக்கு வேலை மிகுதியாக இல்லாதவர்கள் அத்தொகுதி இல்லாத குறும்பலகையை வாங்குவதே தோளுக்கு நல்லது.

இரண்டாவது விசை. கடைகளில் நீங்கள் காணும் விசைப்பலகைகளைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம். விலை குறைந்தவற்றில், எல்லா விசைகளின் கீழும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்தாற்போன்ற ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவற்றின்கீழ் மின்பாதை அச்சிட்ட மெல்லிய தகடு இருக்கும். இதனை மெம்பிரேன் என்பர். விசையை ஏறக்குறைய அடிவரை அழுத்தினாற்றான் எழுத்து விழும். மற்றொரு வகையை மெக்கானிக்கல் என்பர். இதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே சுருள்வில்லும் மின்தொடுப்பும் உண்டு. விசை பாதி வழி இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். எடுத்துக்காட்டாக, செருமனி நாட்டுச் செர்ரி நிறுவனத்தின் விசைகளிற் பல மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்குவன. 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்தைப் பதிவு செய்வன. மடிக்கணிப்பொறிகளின் விசைகளோ ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இறங்கும்.

மெக்கானிக்கல் விசைகளிலும் மூன்று உண்டு. தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்குவது ஒன்று. எழுத்து விழும் இடத்தில் சிறு தடை காட்டி விரலுக்கு அறிவிப்பது ஒன்று. தடையோடு 'டக்' என்னும் ஒலியும் எழுப்புவது ஒன்று. கடைக்காரர்கள் இவற்றை முறையே சிவப்பு, பழுப்பு, நீலம் என்று நிறத்தால் குறிப்பிடுவதுண்டு. அழுத்தும் வன்மையும் வேறுபடும். செர்ரியின் சிவப்பு விசைக்கு ஏறத்தாழ 45 கிராம் எடையளவு போதும். அதே நிறுவனத்தின் கறுப்பு விசைக்கு ஏறத்தாழ 60 கிராம் வேண்டும். ஒரு தட்டுக்கு 15 கிராம் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஒரு பக்கம் எழுத 2,000 தட்டு என்று கொண்டு பெருக்கிப் பாருங்கள். அச்சுமை முழுவதையும் சுமப்பவை பத்து விரல்கள். அவற்றுள்ளும் சுண்டுவிரல் எவ்வளவு மெலிந்தது!

இவற்றுள் எது சிறந்தது? எல்லோர்க்கும் சிறந்தது என்று ஒன்று இல்லை. மெலிந்த விரல் உடையவர்க்கு இலேசான விசை ஏற்கும். கையை விசைமேல் அழுத்தி ஊன்றும் பழக்கம் உடையவர் இலேசான விசையை வாங்கினால், வேண்டாத எழுத்துகள் வந்து விழும். விடுதி அறையில் மற்றவர் உறங்கும்போது எழுதுபவர் ஒலியெழுப்பும் விசையை வாங்கினால், விரைவில் பகையைச் சம்பாதிப்பார். ரப்பர் குமிழ் உடைய எளிய விசைப்பலகையிலும் நன்றாக எழுதலாம். பொருள் வசதி இல்லாத மாணவர் அதனைக் குறித்து ஒரு சிறிதும் வருந்த வேண்டா.

கடைக்குப் போகும்போது கையில் ஓர் அடிக்கோல் கொண்டு செல்லுங்கள். மேல் எழுத்து வரிசையில் கியூ என்னும் விசையின் நடுவிலிருந்து பீ என்னும் விசையின் நடுவரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 171 மில்லிமீட்டர் இருந்தால் அது முழு அளவுப் பலகை. ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் 19 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. மிகவும் குறைந்தால் விரல்கள் ஒன்றையொன்று நெருக்கும். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எஃப், ஜே ஆகிய விசைகளின் மேலுள்ள சிறு மேடுகளை விரலால் தேடுங்கள். அவையே பாராமல் எழுதுவோர்க்குக் கலங்கரை விளக்கம். பின்னர், மனப்பாடமாகத் தெரிந்த பத்தி ஒன்றை ஐந்து நிமிடம் அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு வரியை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு வரியில் எத்தனை பிழை என்று எண்ணுங்கள். விரல் களைத்தபின் விழும் பிழையே அந்தப் பலகையைப்பற்றிய உண்மையைச் சொல்லும். என் 4,500 ரூபாயை நான் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் கொடுத்தேன்.

மூன்றாவது வரிசை. எழுத்துகள் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்பதே வரிசை. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசை கியூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய் என்று தொடங்குகிறது. மில்வாக்கி நகரத்துப் பத்திரிகையாளராகிய கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவர் நண்பர் இருவரும் 1868-இல் தட்டச்சுப் பொறிக்கு உரிமை பெற்றனர். பல மாற்றங்களுக்குப்பின் 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய வரிசை பெரும்பாலும் அதன் வழிவந்ததே. தட்டுவோரின் வேகத்தைக் குறைப்பதற்கே இவ்வாறு அமைத்தனர் என்று பலரும் சொல்வர். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால், ஒன்று கண்கூடு. விசைகள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக அமையாமல் வரிசைதோறும் சற்றே விலகி நிற்கின்றன அல்லவா? பழைய பொறியின் நெம்புகோல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நெம்புகோல் போய்விட்டது, விலகல் போகவில்லை. பழக்கத்தின் வலிமை அத்தகையது.

சியாட்டில் நகரில் கல்வியியற் பேராசிரியராய் இருந்த ஆகஸ்டு துவோராக் என்பவர் 1936-இல் வேறொரு வரிசைக்கு உரிமை பெற்றார். ஆங்கில உயிரெழுத்துகளை இடக்கையின் நடு வரிசையிலும், மிகுதியாக வழங்கும் மெய்களை வலக்கையின் நடு வரிசையிலும் வைத்தார். பழைய வரிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தட்டுகளே நடு வரிசையில் விழும். இவர் வரிசையில் ஏறத்தாழ 70 விழுக்காடு விழும். விரல் அலையும் தொலைவு குறைகிறது. ஆயினும் 1956-இல் அமெரிக்க அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, பழைய வரிசையில் தேர்ந்தவர்களைப் புதிய வரிசைக்கு மாற்றிப் பயிற்றுவதால் தக்க ஆதாயம் இல்லை என்று முடிவு கூறியது. ஆகவே, ஆங்கிலத்திற்காக வரிசையை மாற்றுமாறு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தமிழின் நிலை வேறு. யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், 247 எழுத்துகளைச் சிறு பொறிக்குள் அடக்கும் அருஞ்செயலைச் செய்தார்கள். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படுகின்றார்கள். புள்ளி போன்றவற்றை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும் நகரா விசை அப்பொறியின் சிறப்பு. ஆனால், அது பொறியின் தேவைக்கு ஏற்ப அமைந்தது. 'கோ' என்று எழுத வேண்டுமெனின் இரட்டைக் கொம்பை முதலிலும், 'க' வை அடுத்தும், காலைப் பின்னும் அடிக்க வேண்டும். கண் காணும் முறை அது.

1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாட்டு அரசு 'தமிழ்99' என்னும் வரிசையை ஏற்றது. இதில் பன்னிரண்டு உயிர்களும் இடக்கைக்கு உரியன. மெய்களிற் பெரும்பாலன வலக்கைக்கு உரியன. 'கோ' வேண்டின் 'க' அடித்து 'ஓ' அடித்தால் போதும். நா ஒலிக்கும் முறை இது. தொடக்கப் பள்ளியில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று கற்றோமே, அவ்விலக்கணமே இங்கு விசையாகியுள்ளது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. 'அம்மா' என்பதற்குப் பழைய பொறியில் ஐந்து தட்டு. இதில் அ, ம, ம, ஆ என நான்கே. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ. 'தங்கை' என்பதற்கு த, ங, க, ஐ. வலக்கை மெய்யைத் தர, இடக்கை உயிரைத் தரும். நெல் குத்தும் இருவர் மாறி மாறி உலக்கை போடுவது போல் இரு கைகளும் இயங்கும்.

இன்று உங்களிற் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வருவிக்கிறீர்கள். தொடங்குவதற்கு அஃது எளிது, குற்றமும் அன்று. ஆனால் அம்முறைகள் பலவற்றில் ண, ள, ற போன்றவற்றிற்கு ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலால் மற்றொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியுள்ளது. ல, ள, ழ மூன்றும் தனித்தனி இடத்தில் நில்லாமையால் எழுத்துப் பிழையும் பெருகக் காண்கிறேன். மூன்றும் தனித்தனி விசையாக இருந்தால், விரலே வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளும். தமிழில் நிரம்ப எழுதக் கருதுவோர் இளமையிலேயே தமிழ்99 கற்றுக்கொள்ளுதல் நன்று. இதற்குத் தனிப் பலகை வாங்க வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள பலகையிலேயே பழகலாம். நான் 61 அகவையில் மாறினேன். முதல் வாரம் நிமிடத்திற்கு எட்டுச் சொல்லுக்குமேல் ஓடவில்லை. மூன்றாம் மாதம் பழைய வேகத்தை எட்டிப் பிடித்தேன். தேர்வு நெருங்கும் காலத்தில் மட்டும் மாறாதீர்கள். நீங்கள் எழுதும் தேர்வு எந்த வரிசையைக் கேட்கிறதோ அதனையே பழகுங்கள்.

இம்மூன்றும் அமைந்தபின் வேண்டுவது பயிற்சி. பின்லாந்து நாட்டு ஆல்டோ பல்கலைக்கழகத்தாரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 1,68,000 பேரின் தட்டச்சை ஆராய்ந்தனர். அவர்களின் சராசரி வேகம் நிமிடத்திற்கு 52 சொல். விரைந்து அடிப்போர் பிழை குறைவாகவே செய்தனர் என்பதும், ஒரு விசையை விடும் முன்பே அடுத்ததை அழுத்தினர் என்பதும் அவ்வாய்விற் கண்ட உண்மைகள். எனவே வேகத்தைத் துரத்தாதீர்கள், பிழையின்மையைத் துரத்துங்கள். வேகம் பின்னால் வரும். நாள்தோறும் 15 நிமிடம் கண்ணை விசைமேல் ஓட்டாமல் பழகுங்கள். மெல்லத் தட்டுங்கள், அடிவரை குத்த வேண்டா. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கைகளை உதறுங்கள். வலியோ மரப்போ தோன்றினால் பொறுத்துக்கொண்டு எழுதுவது வீரம் அன்று. நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

இனி என் கதையின் எஞ்சிய பகுதி. ஓய்வு முடிந்தபின் தாழ்ந்த மேசை ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தேன். இலேசான விசைகள் உடைய தட்டையான பலகை ஒன்றை, இம்முறை கடையில் ஐந்து நிமிடம் அடித்துப் பார்த்து, முன்னதன் பாதி விலைக்கு வாங்கினேன். வலி நீங்கிற்று. பணி மீண்டும் தொடங்கிற்று. ஓய்விலிருந்த நாள்களில் மாலைதோறும் என் தாயார், "இன்றைக்கும் எழுதவில்லையா, தம்பி?" என்று கேட்பார். "கை ஆறட்டும் அம்மா, நாளெல்லாம் இருக்கிறதே" என்பேன். நான்கு குறிப்பேடுகளை அவர் கேட்டுத் திருத்தினார். ஐந்தாவதைத் தொடங்கும் முன் அவர் காலமானார்.

கடைசி இரண்டு குறிப்பேடுகளில் 17 சொற்களின்கீழ்ச் சிவப்புக் கோடு இட்டு வைத்துள்ளேன். அவற்றின் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஊரில் கேட்டேன், அறிந்தவர் எவரும் இல்லை. நான் இழந்த இரண்டு மாதத்திற்கு அந்த 17 சொற்களே விலை.

ஆகவேதான் சொல்கிறேன், மாணவர்களே. கைக்கு இதமான கருவியைத் தேடுவது சோம்பேறித்தனம் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். எழுதி வைக்க வேண்டியவை அவரிடமும் இருக்கலாம். அவர் சொல்லும் வேகத்திற்கு உங்கள் விரல் ஓட வேண்டும். ஓடும் விரல் நோகாமலும் இருக்க வேண்டும். இன்று மாலை உங்கள் விசைப்பலகையின் பின்கால்களை மடக்கிவிட்டு, அடிக்கோலைக் கைமேல் வைத்துப் பாருங்கள். அதிலிருந்து தொடங்கலாம்.